எந்தப் பக்கத்துக் காது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவரவர் வயதுக்கு வாய்த்த சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால், எனக்கு அப்பா. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல், இருக்கிறீர்களா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. உன் கடையின் பெயரில் தினமும் ஒரு படம் போடுகிறாய், எல்லாப் படத்திலும் கண்ணாடிதான் இருக்கிறது, ஜன்னலோரம் ஒரு கண்ணாடி, கல்லின் மேல் ஒரு கண்ணாடி, போன வாரம் வாழைப்பழத்தின் மேல் ஒரு கண்ணாடி. நீ இளைத்தாயா பெருத்தாயா என்று தெரியவில்லை, பழம் நன்றாக இருந்தது. இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, 'ஒரு நிமிஷம்மா, கஸ்டமர் வந்துட்டாங்க' என்கிறாய். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று பேர் மட்டுமே வருகிற கடையில், நான் கூப்பிடும் நேரம் பார்த்து ஒருவர் வந்து நிற்பது உன் அதிர்ஷ்டம்தான். தவிரவும் நீ அனுப்பிய படிவத்தை எப்படியும் தபாலில்தான் திருப்பி அனுப்ப வேண்டும். உறை வாங்கியாயிற்று, அதில் ஒரு தாள் போனால் என்ன, ஆறு தாள் போனால் என்ன.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கைக்கு வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டது, பேருந்தில் ஒரு மணி நேரம், உட்கார இடம் கிடைக்கிறது என்கிறாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மாற்றினோம். உன் சித்தப்பா வந்திருந்தார், உட்கார்ந்ததும் வழக்கமான கேள்வி, 'பையன் இப்ப என்னதான் பண்றான்?' நீ காப்பீட்டுக் கம்பெனியில் இருந்த காலத்தில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போவேன். இப்போது மூச்சுப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. கண் டாக்டரா என்று கேட்டார், இல்லை என்றேன். கண்ணாடிக்கடையா என்றார், ஒரு மாதிரி என்றேன். கடையில் எத்தனை ஃப்ரேம் இருக்கும் என்றார், அறுபத்திரண்டு என்றேன். அறுபத்திரண்டாயிரமா என்று அவர் வாயைப் பிளந்தார், அந்த இடத்தில்தான் அப்பா குழாய் சொட்டுகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டார், குழாய் சொட்டவில்லை. பெரிய கம்பெனிச் சரக்கை இவன் கையால் தொடமாட்டான், எங்கோ ஒரு அறையில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து தாங்களே வரைந்து, தாங்களே அறுத்து, தாங்களே தேய்த்துச் செய்கிற ஃப்ரேம்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து வாங்கி விற்பான் என்று நீ சொன்னதையே ஒப்பித்தேன். அதில் கம்பெனிப் பெயர்கூட இருக்காதே, அப்புறம் எதற்கு அவ்வளவு விலை என்றார். பெயர் இல்லாததற்குத்தான் விலை என்றேன். அவர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

உனக்கு இந்தப் பித்து எப்போது பிடித்தது என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியம் சாப்பிடாமல் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்கடை வாசலில் நீ நின்றுகொண்டிருந்ததை உன் தங்கைதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். உள்ளே யாரோ பெண் இருக்கிறாள் என்று நாங்கள் மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தோம். கடைசியில் நீ பார்த்தது ஒரு கீல். கண்ணாடியின் முகப்பையும் காதில் மாட்டுகிற காலையும் சேர்க்கிற அந்தத் துக்கடாக் கீலில் ஐந்து மடிப்பா ஏழு மடிப்பா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அப்புறம் வாரத்தில் ஐந்து நாள் காப்பீடு, சனிக்கிழமை கண்ணாடி. சம்பளமில்லாமல் ஒரு கடையில் நின்று சூடு காட்டி வளைக்கவும், மூக்குத்தண்டை அளக்கவும், இரண்டு கண்மணிக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று எடுக்கவும் கற்றுக்கொண்டாய். ஆறு வருஷம் அப்படி ஓட்டிவிட்டு ஒரு நாள் போனில், 'அம்மா, வேலைய விட்டுட்டேன்' என்றாய், ஏதோ குடையை எங்கோ விட்டுவிட்டேன் என்று சொல்கிற மாதிரி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், ஆனால் பொன் குஞ்சு நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது காக்கை என்ன செய்யும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. உன் கடை காலூன்றும் வரை ஒன்றரை வருஷம் மருந்துக்கடையில் இரண்டு ஷிஃப்ட் நின்று வீட்டைத் தாங்கியவள் என் மருமகள். உன்னைப் பற்றி வருகிற பேட்டிகளில் அவளுக்கு ஒரு வரி கிடைக்கிறது, வாழைப்பழத்துக்கு முழுப்பக்கம்.

நான் கிண்டல் செய்வதால் உன் தொழில் எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதே. முப்பத்தொரு வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நீ கடையில் என்ன செய்கிறாய் என்று மருமகள் எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறாள். வந்தவரை உட்கார வைத்து அரைமணி நேரம் சும்மா பேசுகிறாயாம், அலமாரியின் இழுப்பறையைத் திறப்பதே இல்லையாம். அவர் சிரிக்கும்போது கன்னம் எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறது, குனிந்து படிக்கும்போது மூக்கில் எங்கே நிற்கும், ஒரு புருவம் மற்றதைவிட இறங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து முடித்தபிறகுதான் ஒன்றோ இரண்டோ எடுத்து வைப்பாயாம். ஒரு பெண் வக்கீல் வந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது, உங்கள் முகத்துக்கு ஏற்றது இன்றைக்கு என்னிடம் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாயாம். வந்த வாடிக்கையாளரை வாசல் வரை கொண்டுபோய்விடும் வியாபாரியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த அம்மாள் அடுத்த மாதம் தன்னோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாளாமே. அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னொரு வாழைப்பழம் வாங்கிவிடுவாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பெட்டி போன செவ்வாய்க்கிழமை வந்தது. யாரையும் கூப்பிடாமல் காதும் காதும் வைத்தாற்போல் திறக்கலாம் என்றேன், 'ஒத்தக் காதுக்காரி பேசற பேச்சா இது' என்று அப்பா சிரித்தார். முப்பத்தெட்டு வருஷமாக இதே சிரிப்பு. உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஃப்ரேம் இருந்தது, அதைச் செய்த பெண் கைப்பட எழுதிய சிறு அட்டை இருந்தது, நீ போகப்போகிற கண்ணாடிக் கண்காட்சியில் உன் கடைக்குப் பின்னால் மாட்டப்போகிற பெரிய விளம்பரத் தாளின் சின்னப் பிரதி இருந்தது, நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் இருந்தது. ஃப்ரேமைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். வறுத்த காப்பிக்கொட்டை நிறம், உள்பக்கம் மட்டும் ஓர் இழை பச்சை, அது போட்டுக்கொள்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்தவளுக்கு நல்ல மனசு. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. ஒரு கால் எல்லாக் கண்ணாடியையும் போல வளைந்து காதுக்குப் பின்னால் இறங்குகிறது, இன்னொரு கால் காதை எதிர்பார்க்காமல் நீண்டு, தலையைச் சுற்றிப் பின்பக்கம் போய், எலும்பின் மேல் ஒரு மெத்தென்ற நுனியோடு உட்காருகிறது. ஒரு பக்கம் காது இல்லாதவர்களுக்கு என்று இதுவரை யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். எனக்குப் பிறக்கும்போதே ஒரு பக்கக் காது மொட்டாகவே நின்றுவிட்டது, மறுபக்கம் ஒழுங்காக இருக்கிறது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அது உனக்குத் தெரியாதா என்று கேட்பாய், தெரியாது, சொல்கிறேன்.

குளித்துவிட்டு வந்து, தலை துவட்டி, அப்பா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கல்யாணப்பெண் மாதிரி அதைப் போட்டுக்கொண்டேன். நீண்ட கால் போய் என் நல்ல காதின் மேல் இடித்துக்கொண்டு நின்றது. வளைந்த கால் மறுபக்கம் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் தவித்தது. குனிந்தேன், கண்ணாடி முன்னால் இருந்த காப்பிக்குள் விழுந்தது, நிறம் ஒன்றாக இருந்ததால் தேட வேண்டியிருந்தது. நான் போடத் தெரியாமல் போடுகிறேன் என்று அப்பா வாங்கிப் பார்த்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர், அவருக்கு எதையும் திருப்பிப் பார்த்தால்தான் நிம்மதி. தலைகீழாகத் திருப்பி என் முகத்தில் வைத்தார், வளைவு வானத்தைப் பார்த்தாலும் கால்கள் இரண்டும் சரியான பக்கத்துக்குப் போய்விட்டன. 'பாத்தியா, இப்படித்தான் போடணும்' என்றார். மூக்குத் தாங்கிகள் இரண்டும் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, மூக்கு அந்தரத்தில் நிற்கிறது, இவர் தள்ளி நின்று நல்லாத்தான் இருக்கு என்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆன கதை கேட்டிருக்கிறேன், அந்தக் குரங்கையும் தலைகீழாகப் பிடித்தவர் உன் அப்பா ஒருத்தர்தான். கடைசியில் இருவரும் அதை எடுத்துக்கொண்டு, எனக்கு இருபது வருஷமாகக் கண்ணாடி போட்டுத் தருகிற நம் தெருமுனைக் கடைக்காரரிடம் போனோம். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, வேலைப்பாடு அற்புதம், இப்படி ஒன்றை நான் தொட்டதே இல்லை என்று முதலில் புகழ்ந்தார். அப்புறம் மெதுவாக, 'அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, இது எடது காது இல்லாதவங்களுக்குச் செஞ்சது, உங்களுக்கு இல்லாதது வலது' என்றார். கால்களை இடம் மாற்றிப் போட முடியாதா என்று கேட்டேன், கீல் சாய்வு வேறு, முடியாது என்றார்.

எப்படி ஆயிற்று என்று அவரே கண்டுபிடித்தும் சொன்னார். முடியை ஒதுக்கிக்கொண்டு ஒரு படம் அனுப்பு, அளவு தெரிய ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் பிடித்துக்கொள் என்று நீ கேட்டாய் அல்லவா. அப்பாவை எடுத்துத் தரச் சொல்ல எனக்குக் கூச்சம். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நானே என் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்து எடுத்தேன். அப்படி எடுத்தால் சில போனில் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக, வலம் இடமாக மாறி விழுமாம். அது எனக்குத் தெரியாது, நான் தொழில்காரி இல்லை. தொழில்காரன் நீ. நாள் முழுக்க முகத்தையும் கண்ணாடியையும் வைத்துப் பிழைக்கிறவன். நல்லது, போன் உன்னை ஏமாற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயது வரை இதே வீட்டில் இருந்தாயே ராசா, என் இடுப்பில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, படத்தைப் பார்த்தவுடன், இது இல்லையே, அம்மாவுக்கு அந்தப் பக்கம் அல்லவா என்று உனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லையா? நான் வேலை செய்த இடத்தில் ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டும் முன் ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை, கையைப் பார்த்து ஒரு தடவை கேட்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீட்டு மாறியதில்லை. தெருமுனைக் கடைக்காரருக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறது. அந்த ஃப்ரேம் செய்த பெண்கூட அட்டையில் என்ன எழுதியிருக்கிறாள் பார், உங்கள் மகன் கொடுத்த அளவை நம்பிச் செய்தேன், உங்களை ஒரு தடவை நேரில் பார்த்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும் என்று. வெளியாளுக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்த விளம்பரத் தாளைப் படித்தேன். நடுவில் என் படத்துக்கு ஒரு பெரிய வெற்றிடம், பக்கத்தில் உன் வரிகள். என் முதல் பாடம் அம்மாவின் கயிறு என்று தொடங்குகிறாய். அது கயிறு இல்லை, கருப்பு எலாஸ்டிக் நாடா. கயிறு கட்டுவது மாட்டுக்கு. கண்ணாடியின் ஒரு கால் நுனியிலிருந்து மறு கால் நுனிக்குத் தலைக்குப் பின்னால் முடிக்கு அடியில் ஓடும், மாதம் ஒரு தடவை தொய்ந்துவிடும், மாற்ற வேண்டும். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் என் கையால் அதை அம்மாவுக்குக் கட்டிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படிக்கிறவர்கள் உருகிப்போவார்கள், நானே உருகிப்போனேன், நிஜமாக நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று. கட்டிவிட்டவள் உன் தங்கை. நீ ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. அந்த வேதனையைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்கிறாய். நீ வந்தது கீலைப் பார்த்து. கீலைப் பார்த்து வந்ததில் என்ன கேவலம்? அழகாக இருந்தது, பிடித்தது, வந்தேன் என்று சொல்ல உனக்கு ஏன் ஓர் அம்மா தேவைப்படுகிறாள்? என் காதில் பூச் சுற்றாதே தம்பி, சுற்றுவதற்கு ஒன்றுதான் இருக்கிறது.

கடைசி வரியில், என் பள்ளி விழா ஒன்றுக்குக்கூட அம்மா வராமல் இருந்ததில்லை என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்பில் பெற்றோர் கூட்டம். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு, நாடா புதிதாக மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றேன். நீ செருப்பு மாட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், 'அம்மா, நீ வரவேணாம், அப்பா வரட்டும், அந்த எலாஸ்டிக்கப் பாத்தா பசங்க சிரிப்பாங்க' என்றாய். அவசர வேலை வந்துவிட்டது என்று அப்பாவை அனுப்பினேன். கிளம்பிய உடையை அவிழ்க்க மனசில்லாமல் வேலைக்கே போனேன். இன்னைக்கு லீவு இல்லையா என்று கேட்டவர்களிடம் தேதியை மாற்றி நினைத்துக்கொண்டேன் என்றேன். எனக்கு அன்றைக்கு வலித்தது. இதை எழுதும்போதும் வலிக்கிறது. அதற்கப்புறம் நீ சொல்வது உண்மை, ஒரு விழாவையும் நான் விடவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு நாலு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பது உனக்கே தெரியும். கணக்குப் போட்டியில் நீ பரிசு வாங்கிய அன்று வெள்ளைச் சட்டை ஒன்று மேடையில் ஏறியது, கை வலிக்கத் தட்டினேன், பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்து, 'ரொம்ப நன்றிங்க, அது எம் பையன்' என்றாள். நீ பட்டம் வாங்கிய நாள் வரைக்கும் அப்படித்தான். பழைய படங்களை எடுத்துப் பார், ஏழாம் வகுப்புக்கு அப்புறம் ஒரு விழாப் படத்திலும் என் முகத்தில் கண்ணாடி இருக்காது. யார் யார் முகத்துக்கோ கண்ணாடி தேடித் தருகிறவன் கண்ணுக்கு இது படாமல் போயிற்று.

இதற்காக உன்னைக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளின் சிரிப்புதான் உலகம். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதிவிடவும் வேண்டாம், நீ எழுதினால் அதையும் கண்காட்சியில் மாட்டுவாய். யோசித்துப் பார்த்தால் அதை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாய். ஏழு வயதிலிருந்து அந்தப் பக்கம் முடியை இறக்கிச் சீவி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருப்பவள் நான். கல்யாணமான புதிதில் அப்பாவுக்குக்கூட இரண்டு வாரம் காட்டவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். நான் மறைத்தேன், நீ பார்க்காமல் இருந்து பழகிவிட்டாய், ஆளுக்குப் பாதி. ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நாலு நாட்டுக்காரர்கள் நடந்து போகிற இடத்தில் மாட்டுவதற்கு என் முகத்தைக் கேட்கிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் மூன்று கட்டம் இருக்கிறது. முதல் கட்டம், என் தலை அளவை வைத்து அந்தப் பெண் இதே மாதிரிக் கண்ணாடியை மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கலாம் என்பது. அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கோ ஒருத்தி நாடா மாற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள், அவளுக்குப் போய்ச் சேரட்டும். இடது என்று அச்சடித்திருந்ததை மட்டும் அடித்துவிட்டேன். இரண்டாவது கட்டம் என் படம், மூன்றாவது என் கதை. இரண்டையும் வெறுமையாக விட்டிருக்கிறேன், மறதி இல்லை. கண்காட்சிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, மேடையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கதையை நம்பித்தான் போகிறான் என்று மருமகள் கவலைப்படுகிறாள். எனக்கும் தெரியும். ஆறு வருஷச் சனிக்கிழமையும் ஒன்றரை வருஷப் பட்டினியும் இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் என்பதும் தெரியும். இருந்தும் போடவில்லை. சுவரில் அம்மா இல்லாமலே அந்த ஃப்ரேம் நிற்கும், அதற்கு அவ்வளவு தெம்பு இருக்கிறது. பேச விஷயம் வேண்டுமானால் ஏற்றது இல்லை என்று திருப்பி அனுப்பினாயே அந்த வக்கீலைப் பற்றிப் பேசு, உன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசு, கீலைப் பற்றிப் பேசு, அந்தப் பேச்சில் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்பது ஒன்று இருக்கிறது. அடுத்த கண்ணாடிக்கு அளவு வேண்டுமென்றால் நீயே வந்து எடு. படம் அனுப்பமாட்டேன். பகலில், கூடத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருகிறேன், முடியை நானே மேலே தூக்கிக் கட்டிக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அரைமணி நேரம் கொடுக்கிறாயே, எனக்கும் அரைமணி கொடு. கையால் தொட்டுப் பார்த்து எடு, அது வலிக்காது, கூச்சம்தான், எனக்கும் இருக்கும் உனக்கும் இருக்கும், பரவாயில்லை. அளவெடுத்து முடித்தபிறகு அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றி என்னிடம் கேள், என்ன சொல்வேன் என்று இப்போது எனக்கே தெரியாது.

மருமகளை ஒரு நாளாவது கால் நீட்டி உட்காரச் சொல், அவள் கையால் வாங்குகிற மருந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அவள் தூங்க வேண்டும். உன் தொழில் நிலைத்து, நீ தேடிப் போகிற அந்தச் சின்ன அறைக்காரர்கள் எல்லோரும் உன்னால் நன்றாக இருந்து, நீயும் அவர்களால் நன்றாக இரு. நூறு வயது ஆசி இருவருக்கும். ஒரு விஷயம் மட்டும் மறக்காதே, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று முன்பே எழுது. அப்பாவோடு நிலையத்துக்கு நானும் வருவேன், நாடா கட்டிய கண்ணாடியோடுதான் வருவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ இறங்கி வருவதை இந்தத் தடவை நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா